பெயர் தெரியாத அந்த அண்ணாவுக்கு

மட்டக்களப்பு கல்லடியில் ஒரு நெட் கஃபேயில், 2017 மார்ச் 29 பின்னேரம், எங்களுக்குப் பக்கத்துக் கம்பியூட்டரில் இருந்த அண்ணாவுக்கு இந்த நன்றி.

கிளப் பெங்குவின் மூடப்போகிறது என்று டிஸ்னி ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது. பிள்ளைகள் பெங்குவின்களாக உலாவி விளையாடும், 2005இல் தொடங்கிய இணைய விளையாட்டு அது. எங்கள் நேரப்படி அடுத்த நாள் மத்தியானம் 12.30 தாண்டியதும் சேர்வர் நின்றுவிடும். கடைசி முறையாக விளையாடத்தான் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போனேன். எல்லாரும் சேர்ந்து துளைத்தால் விளையாட்டில் இருக்கும் பனிப்பாறை கவிழும் என்று பிள்ளைகள் வருடக்கணக்காக நம்பியிருந்தார்கள். அந்தக் கடைசி நாட்களில்தான் அது உண்மையாகவே கவிழ்ந்தது. அதைப் பார்த்துச் சிரித்தவள், தன் பனி வீட்டுக்குள் போனதும் அழத் தொடங்கிவிட்டாள். அவள் வளர்த்த பஃபிள்கள் என்ற பஞ்சு உருண்டை போன்ற செல்லப் பிராணிகள் அங்கேதான் இருந்தன.

"கேம்தானே" என்று நீங்கள் சொல்லவில்லை அண்ணா. அதற்கே தனியாக நன்றி சொல்ல வேண்டும். உங்கள் வேலையை விட்டுவிட்டு எழும்பி வந்து, ஸ்கிரீன்ஷாட் எடுப்பது எப்படி என்று அவளுக்குக் காட்டினீர்கள். வீடு, பஃபிள்கள், சிநேகிதர் பட்டியல், பனிப்பாறை என்று அவள் கேட்டதையெல்லாம் பொறுமையாக எடுக்க விட்டீர்கள். பிறகு உங்கள் பென் டிரைவிலேயே போட்டு, "வச்சுக்கொள்ளுங்க தங்கச்சி" என்று கொடுத்தீர்கள். காசு நீட்டியும் வாங்கவில்லை.

அந்தப் படங்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. சிநேகிதர் பட்டியலில் இருந்த ஒரு பிள்ளை எங்கள் ஊர்தான் என்று பிறகு தெரிய வந்தது. இருவரும் இன்றும் நல்ல சிநேகிதிகள். மிக்க நன்றி அண்ணா.