சூடு எங்கே என்று காட்டிக்கொடுத்த மூவருக்கு

அன்புள்ள அண்ணன்கள் இருவருக்கும், தம்பிக்கும்,

வைகாசி முகூர்த்தத்தில் எடுத்த நான்கு கல்யாண வீடியோவும் நேற்றோடு கொடுத்து முடித்தாயிற்று. போனில் நன்றி சொன்னது எனக்கே போதவில்லை. அதனால்தான் நாலு பேர் படிக்க இந்த மடல்.

என் எடிட்டிங் கம்ப்யூட்டரில் இருப்பது ஏஎம்டியின் ரைசன் 9 5900எக்ஸ் பிராசசர். அதைப் பழைய பி450 மதர்போர்டிலேயே மாட்டி, 12 கோரையும் ஓவர்கிளாக் செய்து, அதாவது வழக்கமான வேகத்தைவிடக் கூட்டி, ஓட்டிக்கொண்டிருந்தேன். மதுரை வெயிலில் பிராசசர் 90 டிகிரியைத் தொட்டதும் பயந்துபோய், திரவம் ஓடிச் சூட்டை எடுக்கும் லிக்விட் கூலர் வாங்கிப் போட்டேன். சூடு 72க்கு இறங்கியது. ஆனால் எடிட் செய்த வீடியோவை முழு ஃபைலாக்க ரெண்டர் போட்டுப் பத்தே நிமிடத்தில் வேகம் படுத்துவிடும். பிராசசர் போய்விட்டது என்றே நினைத்தேன். பெண் வீட்டார் தினமும் போன் செய்துகொண்டிருந்தார்கள்.

ஏசி மெக்கானிக் அண்ணே, கம்ப்ரசருக்குக் காட்டும் துப்பாக்கித் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு ராத்திரி பத்து மணிக்கு வந்தீர்களே! போர்டில் பிராசசர் உட்காரும் சாக்கெட் ஓரத்தில் வரிசையாக இருக்கும் கறுப்புச் சில்லுகள் மேல் அதைக் காட்டியதும் 108 என்று வந்தது. அவற்றின் மேல் சூட்டை வெளியேற்றும் உலோக ஹீட்சிங்க்கூடக் கிடையாது.

ஏன் என்று புரியவைத்தது மாடிவீட்டுத் தம்பி. பெட்டியில் 105 வாட் என்று போட்டிருந்தாலும் சாதாரண செட்டிங்கிலேயே இந்த பிராசசர் 142 வாட் வரை இழுக்குமாம். 12 வோல்ட்டைச் சுமார் ஒன்றேகால் வோல்ட்டுக்கு இறக்கி, நூறு ஆம்பியருக்குப் பக்கமாகத் தள்ளுவது அந்தச் சில்லுகள்தான். விஆர்எம் என்பது அதுதான். பழைய கூலரின் காற்று கீழ்நோக்கி அடித்து அவற்றையும் ஆற்றிக்கொண்டிருந்தது. லிக்விட் கூலர் வந்ததும் அந்தக் காற்று நின்றுவிட்டது. அவை கொதித்ததும் பிராசசரின் வேகமும் இறங்கியிருக்கிறது. பிராசசரைக் குளிர வைத்து போர்டை வேக வைத்திருக்கிறேன்! தம்பி, தேர்வு நேரத்தில் இரண்டு இரவு எனக்காக உட்கார்ந்தாய். மறக்க மாட்டேன்.

சென்னை ரிச்சி தெரு கம்ப்யூட்டர் கடை அண்ணே, இன்டெல்லின் ஐ5 12600கே பிராசசர், இசட்690 போர்டு இரண்டும் கொடுங்கள் என்று பணத்தோடு வந்து நின்றேன். கொடுத்திருந்தால் உங்களுக்கு நல்ல வியாபாரம். "அதுவும் 150 வாட் வரை போகும், சூடு எங்கேயும் ஓடிவிடாது" என்று உட்கார வைத்துச் சொன்னீர்கள். இன்டெல்லில் ஓவர்கிளாக் செய்ய, பெயரில் கே உள்ள பிராசசர், இசட் வரிசை போர்டு இரண்டும் வேண்டும், ரைசனுக்கு பி550யே போதும் என்றும் சொன்னீர்கள். விஆர்எம் மேல் கனமான ஹீட்சிங்க் உள்ள பி550 போர்டு ஒன்றை மட்டும் விற்றீர்கள். கையால் வைத்த ஓவர்கிளாக்கை எடுத்துவிட்டு, பிராசசரின் வோல்ட்டேஜைக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசர் செட்டிங்கில் மைனஸ் 15 வைக்கச் சொன்னதும் நீங்கள்தான். வோல்ட்டேஜ் குறைந்தது, வேகம் குறையவில்லை.

ஐந்து மணி நேரம் இழுத்த ரெண்டர் இப்போது மூன்று மணி நேரத்தில் முடிகிறது. அதே தெர்மாமீட்டரில் விஆர்எம் 71 காட்டுகிறது. மெக்கானிக் அண்ணே, அது இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நானே வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிறேன்.

நன்றியுடன்,
மதுரையிலிருந்து உங்கள் வீடியோ எடிட்டர்