அப்பாவுக்காகக் காத்து நின்றவர்களுக்கு

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் 31 வருஷம் ஏலம் கூறியவர் என் அப்பா. முருங்கைக்காய் லோடு இறங்கும் நேரத்தில் அவர் விலை கூறினால் தெருமுனை டீக்கடை வரை கேட்கும். அந்தக் குரல் நாலு வருஷத்துக்கு முன்னால் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க ஆரம்பித்தது. அப்பா பேசும்போதெல்லாம் அம்மா "என்ன? என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருந்ததால், அம்மாவுக்குத்தான் காது மந்தம் என்று நினைத்து காது டாக்டரிடம் கூட்டிப்போனோம். அம்மாவின் காதில் ஒரு குறையும் இல்லை.

கை நடுங்கத் தொடங்கிய பிறகுதான் பார்க்கின்சன் என்று தெரிந்தது. முதல் நன்றி நரம்பு டாக்டருக்கு. மூளையில் அசைவுக்கு உதவுகிற டோபமைன் என்ற ரசாயனம் குறையக் குறைய உடம்பின் அசைவெல்லாம் சிறுத்துக்கொண்டே போகும், கையெழுத்து பொடியாகும், நடக்கிற எட்டு குறுகும், முகத்தில் உணர்ச்சி தெரியாது, குரலும் அப்படித்தான் என்று பொறுமையாக விளக்கினார். அந்தக் குறையை ஈடுகட்டக் கொடுக்கிற லெவோடோபா மாத்திரை கை காலுக்கு உதவுகிற அளவு பேச்சுக்கு உதவாது என்பதையும் மறைக்காமல் சொல்லி, பேச்சுப் பயிற்சிக்கு அனுப்பினார். அவர் சொன்ன பிறகுதான் இன்னொன்றும் புரிந்தது. சிரிக்காத முகம், கேட்டதற்கெல்லாம் ஒரு முணுமுணுப்பு. அப்பாவுக்கு என்மேல் ஏதோ கோபம் என்று நினைத்து நானும் மாசக்கணக்கில் சரியாகப் பேசாமல் இருந்திருக்கிறேன். அந்த மாசங்களுக்காக அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

அடுத்து, திண்டுக்கல்லில் அப்பாவுக்குப் பயிற்சி கொடுத்த தங்கைக்கு. தங்கை என்றுதான் எழுத வருகிறது. முதல் நாள் அப்பாவிடம், "அய்யா, நீங்க இப்ப சத்தமா பேசுறீங்களா, மெதுவா பேசுறீங்களா?" என்று கேட்டார். "எப்பவும் போலத்தான்" என்றார் அப்பா. அதை போனில் பதிவு செய்து அவருக்கே போட்டுக் காட்டினார். அப்பா போனைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டுவிட்டு, "இதா என் குரல்?" என்றார். அப்புறம் வெகு நேரம் பேசவில்லை. தன் குரல் சிறுத்ததை இந்த நோயாளிகளால் உணர முடிவதில்லையாம். நாம் கேட்கிற அளவுக்குப் பேசினால், கத்துவதாக அவர்களுக்குத் தோன்றுமாம். அத்தனை நாளும் வீட்டில் "சத்தமாப் பேசுங்கப்பா" என்று சண்டை போட்டது ஏன் பலிக்கவில்லை என்று அன்றைக்கு விளங்கியது.

வாரத்துக்கு 4 நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், 4 வாரம். மொத்தம் 16 அமர்வு. மாத்திரை வேலை செய்கிற நேரம் பார்த்து காலை பத்தரைக்கு வரச் சொன்னார். மூச்சை இழுத்து "ஆ..." என்று முடிந்தவரை நீட்ட வேண்டும். பிறகு, தினமும் வாயில் வருகிற 10 வாக்கியங்களை எழுதி வரச் சொல்லி, அவற்றையே உரக்கச் சொல்ல வைத்தார். அப்பாவின் பட்டியலில் முதலில் இருந்தது "முருங்கை இன்னைக்கு என்ன விலை?" இந்த முறை 1987 முதல் அமெரிக்காவில் லொரெய்ன் ராமிக் என்பவரும் அவர் குழுவினரும் உருவாக்கியது. லீ சில்வர்மன் என்ற பார்க்கின்சன் நோயாளியின் பெயரில் இருக்கிறது. அந்த அம்மா பேசுவது கேட்டால் போதும், புரிந்தால் போதும் என்று அவர் வீட்டார் ஏங்கினார்களாம். எங்கள் வீட்டு ஏக்கமும் அதேதான்.

அங்கே காத்திருக்கும் இடத்தில் பழகிய பழனி அண்ணனை மறக்க முடியாது. அவர் மனைவிக்கு வந்திருப்பது பார்க்கின்சன் போலவே தெரியும் வேறு மூளை நோய், பி.எஸ்.பி. (Progressive Supranuclear Palsy). கண்ணைக் கீழே இறக்கிப் பார்க்க முடியாது, பேச்சு இன்னும் வேகமாகக் குழறிவிடும். 247 எழுத்தையும் ஓர் அட்டையில் எழுத முடியாது என்று, அண்ணன் 18 மெய்யும் 12 உயிரும் ஆய்தமும் மட்டும் பெரிதாக எழுதி, மனைவியின் கண்மட்டத்துக்கு உயர்த்திப் பிடிப்பார். மெய்யைத் தொட்டு உயிரைத் தொட்டால் ஓர் எழுத்து. அக்கா த், அ, ண் தொடும்போதே தண்ணீர் என்று தெரிந்துவிடும். ஆனாலும் அண்ணன் ர் வரை காத்திருப்பார். எனக்கும் ஓர் அட்டை எழுதிக் கொடுத்தார். அப்பாவுக்கு இன்னும் அது தேவைப்படவில்லை, பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

மார்க்கெட் டீக்கடை அண்ணனுக்கு: அப்பா தலை தெரிந்ததும் பாட்டை நிறுத்திவிடுகிறீர்கள். ஒரு நாள்கூட அவர் வாக்கியத்தை நீங்கள் முடித்து வைத்ததில்லை. கமிஷன் கடைக்காரர்களுக்கும் சுமை தூக்கும் தம்பிகளுக்கும்: போன மாசம் ஒரு காலை, நாலே நாலு கட்டு முருங்கையை முன்னால் வைத்து அப்பாவை விலை கூறச் சொன்னீர்களே. வண்டிச் சத்தத்தை அடக்கி, வட்டமாக நின்றீர்கள். மூன்று தடவை கூறினார். மூன்றாவது தடவை, பின்வரிசையில் நின்ற அம்மாவுக்கே விலை கேட்டது.

நன்றியுடன்,
ஏலக்காரர் மகள்