தொடை தட்டுவதும் கொடி அசைப்பதும்

அன்புள்ள கயல்,

உன் கட்டுரை மொழிபெயர்ப்பைப் படித்தேன். 'ஜிங்கோயிசம்' (jingoism) என்ற சொல்லுக்குத் 'தீவிர தேசபக்தி' என்று போட்டிருக்கிறாய். வேண்டாம்மா. பக்தியோடு சேர்ந்தால் 'தீவிர' பாராட்டாகிவிடும். தீவிர முருக பக்தர் என்றால் யார் கோபிப்பார்? மூலத்தில் இருப்பது ஏச்சு.

அந்தச் சொல் பிறந்தது லண்டன் மியூசிக் ஹாலில், அதாவது பாட்டுக் கேளிக்கை அரங்கில். 1877-78இல் ரஷ்யா துருக்கியை முறியடித்து கான்ஸ்டாண்டிநோபிளை (இன்றைய இஸ்தான்புல்) நெருங்கியது. அப்போது ஹன்ட் எழுதி மெக்டெர்மாட் பாடிய ஒரு பாட்டு ஊரெல்லாம் பரவியது. நம்ம பேச்சில் சொன்னால், 'வலியச் சண்டைக்குப் போகமாட்டோம், வந்தா விடமாட்டோம். கப்பல் இருக்கு, ஆள் இருக்கு, பணமும் இருக்கு.' நடுவில் வரும் 'பை ஜிங்கோ' வெறும் 'சத்தியமா' மாதிரிதான். 1878 மார்ச்சில் ஜார்ஜ் ஹோலியோக் 'டெய்லி நியூஸ்' பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் ரஷ்யாவோடு போர் கேட்டுக் கத்திய கூட்டத்துக்கே ஜிங்கோ என்று பெயர் வைத்தார், ஒட்டிக்கொண்டது. அந்த வருஷமே பிரிட்டிஷ் பிரதமர் டிஸ்ரேலியின் அரசு சுமார் 7,000 இந்தியச் சிப்பாய்களை மத்தியதரைக் கடல் தீவான மால்டாவுக்குக் கப்பலேற்றியது. பாட்டில் வந்த 'ஆள்' யார் பார்! கடைசியில் பிரிட்டன் போருக்கே போகவில்லை. பெர்லின் மாநாட்டில் பேசி முடித்தார்கள்.

ஆகவே இந்தச் சொல்லுக்கு வெளியே ஓர் எதிரி நாடு வேண்டும், படைபலத்தைச் சொல்லித் தொடை தட்ட வேண்டும். ஆகஸ்ட் 15 அன்று சட்டையில் கொடி குத்திக்கொள்பவர் ஜிங்கோ அல்லர். கட்டுரையில் 'போர்வெறித் தேசியம்' என்று போடு. தலைப்பில் இடமில்லாவிட்டால் 'போர்வெறி' போதும். நையாண்டிப் பத்தியில் 'தொடை தட்டல்' இன்னும் நன்றாக உட்காரும்.

ஷோவினிசம் (chauvinism) வேறு. நெப்போலியனின் சிப்பாய் ஷோவான் பெயரிலிருந்து வந்ததாம்; அப்படி ஒருவர் இருந்ததற்கே சான்றில்லை. 'நாங்களே உசத்தி' என்ற நினைப்பு அது; எதிரே வேறு நாடு இருக்கவேண்டியதில்லை. இலங்கைத் தமிழில் 'பேரினவாதம்' நிலைத்துவிட்டது, அதையே வைத்துக்கொள். ஆண்களைப் பற்றி வந்தால் 'ஆணாதிக்கம்'.

'ஃபிளாக் வேவிங்'கைக் 'கொடி அசைத்தல்' ஆக்கியிருக்கிறாய். படிக்கிறவருக்கு அமைச்சர் புதுப் பேருந்தைத் தொடங்கிவைப்பதுதான் கண்ணில் வரும். 'கொடி பிடித்தல்' போராட்டம்; 'போர்க்கொடி தூக்குதல்' கட்சிக்குள் கலகம். 'பகட்டு தேசபக்தி' என்று மாற்று.

நாலாம் பத்தியில் 'என்று எதிர்க்கட்சியினர் சாடினர்' விட்டுப்போயிருக்கிறது. அதைச் சேர்க்காவிட்டால் அந்த ஏச்சு பத்திரிகை கொடுத்த தீர்ப்பாகிவிடும்.

அன்புடன்,
அப்பா