கடன் வேண்டாம், முதலில் ரேமைக் கூட்டு

சுங்கை சிப்புட்

அன்புள்ள சேகர்,

உன் மகளுக்கு மெட்ரிகுலேஷன் கல்லூரியில் இடம் கிடைத்த சேதி கேட்டு வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். தோட்டத்து லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்த நமக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

பழைய மடிக்கணினி ரொம்ப மெதுவாக ஓடுகிறது, புதுசுக்குக் கடன் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். உன்னிடம் இருக்கும் திங்பேட் எக்ஸ்230 2012-இல் வந்த நல்ல கெட்டியான மெஷின். அதில் 4 ஜிபி ரேம்தான் இருக்கிறது என்கிறாய், கோளாறு அங்கேதான். ரேம் என்பது ஓடிக்கொண்டிருக்கும் வேலையை மெஷின் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் நினைவகம். பிரவுசரும் பாடக் காணொளியும் சேர்ந்து ஓடினால் ரேம் நிரம்பிவிடும். மிச்சத்தை விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கும். டிஸ்க் ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது, அதனால்தான் எல்லாமே ஊர்கிறது.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி பக்கத்தைப் பார். ரேம் மாட்டும் இரண்டு ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று அங்கேயே காட்டும். ஒன்று காலி என்றால் இன்னொரு ரேம் வாங்கிப் போட்டாலே போதும். முடிந்தால் இரண்டு 4 ஜிபி அல்லது இரண்டு 8 ஜிபி என்று சோடியாகப் போடு. திரைக்கான கிராஃபிக்ஸும் இதே ரேமைத்தான் எடுத்துக்கொள்கிறது, சோடியாக இருந்தால் அதற்கு வேகம் கூடும். மொத்தம் 16 ஜிபி வரை ஏற்கும். விண்டோஸ் 32-பிட் பதிப்பாக இருந்தால் மட்டும் 4 ஜிபிக்கு மேல் போட்டுப் பயனில்லை.

கடையில் 'லேப்டாப் டிடிஆர்3, பிசி3-12800' என்று கேள். 204 பின் உள்ளது. அடுத்து வந்த டிடிஆர்4 ரகம் இதில் நுழையவே நுழையாது. குறைந்த மின்னழுத்தத்தில் ஓடும் பிசி3எல் தந்தாலும் வாங்கலாம், வேலை செய்யும். ஈப்போவில் பழைய பாகங்கள் விற்கும் கடைகளில் நான் வாங்குவதுண்டு. கடைக்காரர் முன்னாலேயே போட்டு ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுப்பேன்.

மாட்டுவது சுலபம். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடி. உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் போக ஏதாவது இரும்பைத் தொட்டுக்கொள். அடியில் இரண்டு திருகைக் கழற்றினால் மூடி வந்துவிடும். ரேமைச் சாய்வாக நுழைத்து, தங்க நிறப் பல் மறையும் வரை தள்ளி, கீழே அழுத்து. இரண்டு பக்கக் கொக்கியும் 'டக்'கென்று பிடிக்க வேண்டும். முதல் தடவை திரை கொஞ்ச நேரம் கறுப்பாகவே இருக்கும், பயப்படாதே.

இன்னொன்று. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 இந்தப் பழைய பிராசசரை ஏற்பதில்லை. என் மகனுக்கு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தேன், இலவசம். படிக்கவும் எழுதவும் அவனுக்கு அதுவே போதுமாக இருக்கிறது. ஆனால் மகளின் கல்லூரி எந்த மென்பொருளைக் கேட்கிறது என்று முதலில் விசாரித்துக்கொள்.

நாம் ஓடி விளையாடிய பால்மரக் காடு முழுக்க இப்போது செம்பனைதான். லயத்தில் சில குடும்பங்களே மிச்சம். அங்கே ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள் ஒரே மடிக்கணினியில் மாறி மாறிப் படிக்கிறார்கள். அதற்கும் போன மாதம் ரேம் கூட்டிக் கொடுத்தேன். இப்படிப் பிள்ளைகளுக்குச் செய்து தரும்போது மனசுக்கு நிறைவாக இருக்கிறது, சேகர். உன் பக்கத்திலும் யாராவது பழைய மடிக்கணினியைத் தூக்கிப் போடுவதாக இருந்தால் எனக்கு எடுத்து வை.

மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வருவாய்தானே? மெஷினையும் கொண்டு வா, சேர்ந்தே மாட்டிவிடலாம். அதற்கு முன்பே வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் ரேமின் ஸ்டிக்கரைப் படம் பிடித்து அனுப்பு, சோடியை நான் இங்கே தேடி வைக்கிறேன்.

அன்புடன்,
மணியம்