பாட்டி சொல்லாத பெயர்

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. முட்டி வலிக்கு மருத்துவரைப் பார்க்கச் சொன்னேனே, போனாயா?

சரி, சயாம், அதுதான் தாய்லாந்து, போய் வந்ததைச் சொல்கிறேன். காஞ்சனபுரியில் எல்லோரும் முதலில் குவாய் ஆற்றுப் பாலத்துக்குத்தான் போகிறார்கள். நானும் போனேன். படம் எடுக்க ஒரே கூட்டம். எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. போர் மயானத்துக்குப் போய்விட்டேன்.

ஏறக்குறைய 7,000 கல்லறைகள். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க் கைதிகள். புல்வெளியில் தாழ்வான கற்கள், அவற்றின் மேல் வெண்கலத் தகடு. பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், வயது. சிலவற்றில் வீட்டார் எழுதச் சொன்ன ஒரு வரியும் இருக்கிறது. வாசித்துக்கொண்டே போனவன், ஒரு கட்டத்தில் பெயரை விட்டுவிட்டு வயதை மட்டும் பார்க்க ஆரம்பித்தேன். நம் பிள்ளைகளைவிடச் சின்னவர்கள், மாணிக்கம்.

அப்புறம்தான் உங்கள் பாட்டி நினைவு வந்தது.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் கைதிகளையும் தொழிலாளர்களையும் வைத்துப் போட்ட 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில் பாதை. 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். செத்த கைதிகள் 12,000 பேருக்கு மேல். ஆசியத் தொழிலாளர்கள் 90,000 பேர் வரை இருக்கும் என்கிறார்கள். அதில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன நம் ஆட்கள் எத்தனை பேர் என்பதற்குச் சரியான கணக்கே கிடையாது. கைதிகளோடு படை மருத்துவர்கள் இருந்தார்கள். செத்தவன் பெயரை ஒளித்துவைத்தாவது எழுதிவைக்க அதிகாரிகள் இருந்தார்கள். பால்மரம் வெட்டியவனுக்கு யார் இருந்தார்கள்? ஜப்பான்காரன் வந்து ரப்பர் ஏற்றுமதி நின்றதும், நல்ல சம்பளம், சீக்கிரம் திரும்பிவிடலாம் என்ற பேச்சை நம்பி ரயில் ஏறியவர்கள் அவர்கள். வராதவர்களைப் பிடித்தும் கொண்டுபோனார்கள். 1943 மழைக்காலத்தில் காலரா பரவியபோது ஒரே குழியில் பலரைப் போட்டு மூடியிருக்கிறார்கள்.

அப்படிப் போய்த் திரும்பாத உன் தாத்தாவுக்குப் பாட்டி ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் இலை போடுவாரே, நினைவிருக்கிறதா? இறந்த நாள் தெரியாததால் திதி கிடையாது. அதற்குக்கூடப் பல வருஷம் அவர் ஒப்பவில்லை, ஆள் வந்துவிடும் என்று தோட்டத்து லயத்து வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று என் அம்மா சொல்வார். சின்ன வயதில் எனக்கு அது விளங்கவில்லை. வரிசை வரிசையாக அத்தனை தேதிகளைப் பார்த்தபோது விளங்கியது. பாட்டிக்கு அதில் ஒன்றே ஒன்று கிடைத்திருந்தால் போதுமே.

அங்கேயே தவோர்ன் வராராம் என்ற புத்தர் கோயிலில் நம்மவர்களுக்கு ஒரு நடுகல் இருக்கிறது. பூ வைத்தேன். உன் தாத்தா பெயரைச் சொல்லிக் கும்பிடலாம் என்று வாயெடுத்தால், பெயர் தெரியவில்லை! இத்தனை வருஷம் பக்கத்து வீட்டில் வளர்ந்தும் நான் கேட்டதே இல்லை. பாட்டி கடைசிவரை ‘அவரு’ என்றுதானே சொன்னார்.

உன் அப்பாவின் பிறப்புப் பத்திரத்தில் இருக்கும். தேடி எடுத்து எனக்கு எழுது. ஆடிக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் முட்டியைச் சரிபண்ணிக்கொள், இரண்டு பேரும் சேர்ந்து போவோம்.

அன்புடன்,
செல்வம்