ஹேங்கர் கதவைச் சாத்தாதீர்கள்

வரலாற்று விமானத் தளங்களை நடத்தும் அறங்காவலர்களுக்கும் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம். பறக்கும் நாட்களில் நீங்கள் எங்களுக்கு ஒரு குறையும் வைப்பதில்லை. ஒலிபெருக்கி, நாற்காலி, நிகழ்ச்சி நிரல், வண்டி நிறுத்த இடம் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. என் முறையீடு மற்ற நாட்களைப் பற்றியது, இன்னும் குறிப்பாகச் சொன்னால், பழைய விமானங்களைப் பிரித்துப் பூட்டும் ஹேங்கரைப் பற்றியது.

அண்மையில் நான் போயிருந்த ஒரு தளத்தில் (பெயர் வேண்டாம்) அந்த ஹேங்கரின் குறுக்கே ஆளுயரத்துக்கு மேல் பலகைத் தடுப்பு எழுப்பியிருந்தார்கள். தடுப்பின் மேல் ஒரு திரை. அதில் புதுப்பிப்பு வேலையைக் காட்டும் படம் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. தடுப்புக்குப் பின்னாலோ ரிவெட் (தகடுகளை இணைக்கும் உலோக ஆணி) அடிக்கும் நிஜச் சத்தம் கேட்டது! வேலை பத்தடி தள்ளி நடக்கிறது, நாங்கள் அதன் படத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். இப்படி ஓர் ஏற்பாட்டை யார் யோசித்தார்களோ தெரியவில்லை.

மறைக்கப்படுவது என்னவென்று சொல்கிறேன். உடற்கூட்டில் தகடு பொருத்தும்போது ஒருவர் வெளியே ரிவெட் துப்பாக்கியோடு நிற்பார். இன்னொருவர் உள்ளே உடலைக் குறுக்கிக்கொண்டு, ரிவெட்டின் வால் பக்கத்தில் ஓர் இரும்புக் கட்டியை அழுத்திப் பிடித்திருப்பார். அடி விழ விழ வால் நசுங்கித் தகடுகளைக் கவ்விக்கொள்ளும். இருவருக்கும் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. சரியாக விழுந்ததா, இன்னும் அடிக்க வேண்டுமா என்பதையெல்லாம் தகட்டில் தட்டியே தெரிவித்துக்கொள்வார்கள். கட்டி கொஞ்சம் சாய்ந்தால் ரிவெட் கோணலாகிவிடும். அதைத் துளைத்து எடுத்துவிட்டுப் புதிதாக அடிக்க வேண்டும். சில அலுமினியக் கலவை ரிவெட்டுகளைச் சூடேற்றிப் பதப்படுத்திய கையோடு அடித்தாக வேண்டும், விட்டால் இறுகிவிடும். அதனால் அவற்றை உறைபெட்டியில் வைத்திருந்து, தேவைக்கேற்ப வெளியே எடுக்கிறார்கள். ஓர் இறக்கைக்கு ஆயிரக்கணக்கான ரிவெட்டுகள். இதை நேரில் பார்த்தவருக்கு, ஒரு விமானத்தைப் புதுப்பிக்க ஏன் அத்தனை ஆண்டுகள் ஆகின்றன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டில் இருக்கும் பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்வலர்கள் பல ஆண்டு உழைத்துப் புதுப்பித்த முதல் பிளென்ஹைம், 1987இல் பறக்கத் தொடங்கிய ஒரு மாதத்துக்குள் விழுந்து நொறுங்கியது. அவர்கள் மனம் தளராமல் வேறோர் உடற்கூட்டைத் தேடிப் பிடித்து, 1993இல் மறுபடி பறக்கவிட்டார்கள். 2003இல் தரையிறங்கும்போது அதுவும் அடிபட்டது. மூன்றாம் முறையாக 2014 நவம்பரில் அது வானேறியது. இப்போது அதற்கு இருக்கும் மூக்குப் பகுதிக்குத் தனிக் கதை உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, பிளென்ஹைமைத் தயாரித்த பிரிஸ்டல் நிறுவனத்தில் வேலை பார்த்த ஒருவர் அந்த மூக்கை வாங்கி, சக்கரம் பூட்டி, மின்சாரக் காராக ஓட்டிக்கொண்டிருந்தார். இதெல்லாம் தெரியாதவருக்கு மேலே கடந்து போவது இரட்டை எஞ்சின் கொண்ட ஏதோ ஒரு பழைய விமானம்தான்.

வேலையை மறைத்தால் இன்னொரு சந்தேகமும் முளைக்கும். இதில் உண்மையில் பழையது எவ்வளவு? அதே டக்ஸ்ஃபோர்டில்தான் 1938 ஆகஸ்டில் ஆங்கிலேய விமானப்படையின் முதல் ஸ்பிட்ஃபயர் சண்டை விமானம் 19ஆம் படையணியிடம் வந்து சேர்ந்தது. அந்தப் படையணியின் தலைவர் ஜெஃப்ரி ஸ்டீஃபன்சன் ஓட்டிய என்3200 என்ற ஸ்பிட்ஃபயர், 1940 மே 26 அன்று டன்கர்க் சண்டையில் அடிபட்டு பிரான்சின் சாங்கத் கடற்கரையில் இறங்கியது. மணல் விழுங்கிய அந்த விமானத்தை 1986இல் தோண்டி எடுத்தார்கள். 2014இல் அது மீண்டும் பறந்தது. நாற்பத்தைந்து ஆண்டுக்கு மேல் உப்பு மணலில் கிடந்த அலுமினியத்தை நம்பி யாரும் வானில் ஏற மாட்டார்கள், எனவே அதில் பெரும்பகுதி புது உலோகமாக இருப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அதைச் சொல்லிவிட வேண்டும். இந்தத் தகடு புதியது, இந்தப் பாகம் பழையது, இது வேறொரு விமானத்திலிருந்து வந்தது என்று பக்கத்தில் ஒரு பலகை வையுங்கள். பளபளக்கும் வண்ணப்பூச்சை மட்டும் காட்டிவிட்டு ‘அதே விமானம்’ என்று அறிவிப்பது எனக்கு உடன்பாடில்லை.

பாதுகாப்பைக் காரணம் காட்டுவீர்கள். 2015 ஆகஸ்டில் இங்கிலாந்தின் ஷோர்ஹாம் விமானக் காட்சியில் ஹாக்கர் ஹண்டர் என்ற பழைய ஜெட் விமானம் ஒன்று நெடுஞ்சாலையில் விழுந்து பதினொரு பேர் இறந்தார்கள். அதன் பிறகு பறக்கும் காட்சிகளுக்கு விதிகள் இறுகின. அது நியாயம், அதில் எதையும் தளர்த்தச் சொல்லமாட்டேன். ஆனால் தரையில் ஜாக்கிமேல் நிற்கும் விமானத்துக்கு ஒரு கயிற்று வேலி போதாதா? துணி போர்த்திய இறக்கைக்கு டோப் (துணியை இறுக்கும் பூச்சு) பூசும் நாளில் நெடி தாங்காது. அன்று மட்டும் கதவைச் சாத்துங்கள், காரணத்தைக் கதவில் எழுதி வையுங்கள்.

பறக்கும் நாளிலும் எங்களை வானத்தையே பார்க்க வைக்காதீர்கள். ஸ்பிட்ஃபயர் தரையில் ஊர்ந்து வருவதே ஒரு காட்சி. நீண்ட மூக்கு முன்னே மறைப்பதால் விமானி வளைந்து வளைந்து ஓட்டுகிறார். தரையில் நேரம் நீண்டால் எஞ்சின் கொதித்துவிடும் என்ற கவலை வேறு. இங்கிலாந்தின் ஓல்ட் வார்டன் தளத்தில், முதல் உலகப் போர்க்கால விமானமான சோப்வித் பப்பின் எஞ்சின், புரொப்பெல்லரோடு சேர்ந்து தானும் சுழல்வதையும், அது கக்கும் விளக்கெண்ணெய்ப் புகையையும் பக்கத்தில் இருந்து அனுபவிக்க வேண்டும். அங்கே 1909ஆம் ஆண்டின் பிளேரியோ விமானம் ஒன்று இருக்கிறது. காற்று அடங்கினால்தான் அதை வெளியே எடுப்பார்கள், புல்தரைக்கு மேல் கொஞ்சம் எழும்பி இறங்கிவிடும். காற்று அடங்கவில்லை என்றால் அன்றைக்கு இல்லை. அப்போது ‘தவிர்க்க முடியாத காரணம்’ என்று ஒலிபெருக்கியில் மழுப்ப வேண்டாம். காற்றின் வேகம் இவ்வளவு, இந்த விமானம் தாங்குவது இவ்வளவு என்று சொல்லிவிட்டால் கூட்டம் முணுமுணுக்காது.

தொல்லை என்று நினைத்துத் தள்ளிவைக்கும் இந்தக் கூட்டத்திலிருந்துதான் உங்கள் அடுத்த தலைமுறைத் தொண்டர்கள் வர வேண்டும். இரும்புக் கட்டியைப் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. திரைப்படம் பார்த்து யாரும் அதைக் கற்றுக்கொள்ளப் போவதில்லை.

தடுப்பை அடுத்த பருவம் தொடங்குவதற்குள் எடுத்துவிடுங்கள். அன்றன்று நடக்கும் வேலையை ஒரு கரும்பலகையில் சாக்பீஸால் எழுதி வாசலில் வையுங்கள். இதற்குச் செலவு அதிகம் ஆகாது. காப்பீட்டு நிறுவனம் ஒப்பவில்லை என்றால், பலகையை அறுத்துப் பெரிய கண்ணாடி ஒன்றாவது பதியுங்கள், சிறுவர்களுக்கும் எட்டும் உயரத்தில். பதிலை எனக்குத் தனியாக அனுப்ப வேண்டாம், உங்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் போதும்.

இப்படிக்கு,
தடுப்புக்கு இந்தப் பக்கம் நிற்கும் பார்வையாளர் ஒருவர்