பள்ளிப் பையில் ஆயுதம் சிக்கினால் காவல்துறை செய்ய வேண்டியதை எழுத்தில் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
பள்ளி மாணவர்களின் பெற்றோர்,
களக்காடு வட்டாரம், திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கொக்கிரகுளம், திருநெல்வேலி.

பொருள்: பள்ளிகளில் ஆயுதத்துடன் பிடிபடும் மாணவர்களைக் கையாள ஒரே நடைமுறை வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள், கூடப் படித்த பையன்கள். 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்பு மாணவன் வகுப்பறையிலேயே சக மாணவனை அரிவாளால் வெட்டினான். தடுத்த ஆசிரியருக்கும் காயம். இதற்குப் பிறகும், பையில் கத்தி இருப்பது தெரிந்தால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டால் பள்ளிக்குப் பள்ளி வேறு பதில் வருகிறது. பெயர் கெட்டுவிடும் என்று டி.சி. கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். இல்லாவிட்டால் எல்லோரும் பார்க்க ஜீப்பில் ஏற்றுகிறார்கள். டி.சி. வாங்கிப் போனவன் யாரைக் குறிவைத்துக் கொண்டுவந்தான் என்று அப்புறம் யாரும் விசாரிப்பதில்லை. எங்களுக்குப் பெரிய பயம் அதுதான்.

காவல்துறைக்கு அதிகாரம் போதாது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவரைப் பிடித்தால் குழந்தை நலக் காவல் அலுவலரிடமோ சிறாருக்கான சிறப்புக் காவல் பிரிவிடமோ ஒப்படைக்க வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள், சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். பெற்றோருக்கும் தகவல் சொல்ல வேண்டும். கடும் குற்றமாகவோ பெரியவர்களுடன் சேர்ந்து செய்ததாகவோ இல்லாவிட்டால் எஃப்.ஐ.ஆர். கூடப் போடாமல், நிலையப் பொது நாட்குறிப்பில் பதிந்து, சமூகப் பின்னணி அறிக்கையுடன் குழுமத்துக்கு அனுப்பலாம் என்று விதிகள் சொல்கின்றன. இத்தனையும் எத்தனை தலைமை ஆசிரியர்களுக்குத் தெரியும்?

அரிவாளில் இன்னொரு சிக்கல் உண்டு. வாழைத்தார் வெட்ட இங்கே அரிவாள் இல்லாத வீடு கிடையாது. விவசாயத்துக்கு மட்டுமே ஆன கருவியை 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் ஆயுதமாகக் கருதுவதில்லை. ஆகவே "தோட்டத்துக்குப் போய்விட்டு வந்தான்" என்று சொல்லித் தப்ப வழி இருக்கிறது. உண்மையிலேயே தோட்டத்திலிருந்து வந்தவன் மாட்டிக்கொள்ளவும் வழி இருக்கிறது. எந்தச் சூழலில் பொருளை மட்டும் வாங்கி வைப்பது, எப்போது பையனையும் ஒப்படைப்பது என்பது அந்தந்த நேரத்து மனநிலையைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது.

எனவே காவல்துறையுடன் பேசி, ஒரே பக்கத்தில் ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டுகிறோம். அந்தந்த நிலையத்தின் குழந்தை நலக் காவல் அலுவலர் பெயரும் எண்ணும் அதில் இருக்கட்டும். அவர் சாதாரண உடையில் வரட்டும். பையைத் தலைமை ஆசிரியர் அறையில் திறக்கட்டும், வகுப்பில் வேண்டாம். குறிப்பாக, ஒரு சாதித் தெருப் பையன்களின் பையை மட்டும் சோதிக்கும் வழக்கம் எங்கும் வரக் கூடாது. மாணவர்களிடையே சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024-இல் அறிக்கை கொடுத்த பிறகும் சாதிக் கயிறு மறையாத ஊர் இது, அந்தச் சோதனையே அடுத்த சண்டைக்குக் காரணமாகிவிடும். பிடிபட்டவனின் படத்தையோ பெயரையோ யாரும் வாட்ஸ்அப்பில் போடாமல் பார்த்துக்கொள்ளவும் சொல்லுங்கள். மிரட்டப்பட்ட பிள்ளை பள்ளிக்கு வந்துபோகப் பாதுகாப்பும் வேண்டும்.

ஜூன் மாதம் பள்ளி திறக்கும் முன் இச்சுற்றறிக்கை பள்ளி மேலாண்மைக் குழுக்களின் கைக்கும் கிடைக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பெற்றோர்கள்
(கையொப்பங்கள் இணைப்பில்)
இடம்: களக்காடு